காலை ஜெபத்தில் ஒரு பெயர்

லாரிமர் வீட்டில் காலை ஜெபம் முடியாமல் யாரும் ஒரு வாய் தேநீர் குடிக்க முடியாது. சாப்பாட்டு அறை நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, ஆளுக்கொரு நாற்காலியில் முழங்கையை ஊன்றி முழங்காலிடுவார்கள். ஓவியர் எப்ராயீம் லாரிமர், அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அம்மா, சமையல்காரி ஹல்டா, மற்ற வேலையெல்லாம் பார்க்கும் டொர்கஸ். ஐயா புத்தகம் பார்த்து ஜெபிக்கிறவர் இல்லை. கண்ணை மூடினால், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோலக் கர்த்தரிடம் பேசுவார். ராணிக்கு, சபைக்கு, நோயில் கிடப்பவர்களுக்கு என்று வரிசையாக வந்து, கடைசியில் கடலில் இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்வார். டொர்கஸ் காத்திருப்பது அந்தக் கடைசி இடத்துக்குத்தான். அங்கே அவள் மகன் ஆமோஸின் பெயர் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் யாரோ ஒரு பெரிய மனுஷர் தன் பிள்ளையைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் விட்டதுபோல அவளுக்கு இருக்கும்.

ஆமோஸ் அவளுக்கு ஒரே பிள்ளை. புருஷன் லண்டன் டெட்ஃபோர்ட் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு, மேட்டில் இருக்கும் பிளாக்ஹீத் வீடுகளுக்குத் துணி துவைத்து அவனை வளர்த்தாள். அவன் வளர்ந்தான், கூடவே அவன் குரலும் வளர்ந்தது. ஜெபக்கூடத்தில் பாடவேண்டிய குரல் ஆற்றோரச் சாராயக்கடையில் பாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையாரோடு அவள் வந்துகொண்டிருந்தபோது, கடை ஜன்னலுக்குள்ளே அவன் மேஜைமேல் ஏறி நின்று, சற்றுமுன் அவர்கள் பாடிவிட்டு வந்த அதே கீர்த்தனை மெட்டில் ஏதோ அசிங்கமாகப் பாடிக்கொண்டிருந்தான். தெருவே சிரித்தது. சபையார் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது, நீ செத்தாலும் சரி, இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆற்றில் அடுத்த கடலேற்றம் வந்ததும் கிளம்பிய 'லாரா ஆன்' என்ற சரக்குக் கப்பலில் அவன் போய்விட்டான்.

அவள் வாடகை கொடுக்க முடியாமல் நின்றபோது, வீட்டோடு வந்து இரு என்று கூப்பிட்டது லாரிமர் ஐயாதான். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது தானே நிலக்கரி வாளியை மாடிக்குத் தூக்கி வந்து அவள் அறையில் நெருப்பு மூட்டினார். டெட்ஃபோர்ட் முழுக்க அவரை நல்லவர் என்று சொல்லும். பொய் சொல்லமாட்டார், ஒப்புக்குக்கூட. கான்ஸ்டன்ஸ் அம்மாவைத் தேடி வேண்டாத விருந்தாளி வந்தால், வீட்டில் இல்லை என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஓவியங்கள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்படும். அடுப்பு எரியாது. சனிக்கிழமை வேகவைத்த ஆட்டுக்கறியை ஆறிப்போனபடி சாப்பிட வேண்டும். ஒரு உருளைக்கிழங்கு வெந்தால் பரலோகம் இடிந்து விழுந்துவிடுமா என்று ஹல்டா அடுக்களையில் முணுமுணுப்பாள். ஆனால் அவளும் வேறு வீட்டுக்குப் போகவில்லை.

குளிர்காலத்தில், 'லாரா ஆன்' பிஸ்கே வளைகுடாவில் உடைந்துவிட்டது என்று கப்பல்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். பலகைகள் கிடைத்தன, ஆட்கள் கிடைக்கவில்லை. அன்று முழுவதும் டொர்கஸ் அழவில்லை. படிக்கட்டைத் தேய்த்தாள், விளக்குகளைத் துடைத்தாள். மறுநாள் காலை ஜெபத்தில் ஐயா ராணிக்கு வேண்டினார், சபைக்கு வேண்டினார், கடலில் இருப்பவர்களுக்கு வேண்டினார், ஆமென் என்றார். ஆமோஸின் பெயர் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்தது.

ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அவரிடம் கேட்டாள். ஐயா அவளை உட்காரவைத்து ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். இருக்கிறவர்களுக்குத்தான் நாம் கேட்கமுடியும். போனவர்கள் அவர் கையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஜெபிப்பது ரோமாபுரி கத்தோலிக்க மார்க்கத்தாரின் வழக்கம், நம்முடையது அல்ல. இனி உனக்காக ஜெபிப்போம் என்றார். ஒரு பெயர் ஜெபத்தை விட்டுப் போவதுதான் உண்மையான சாவு என்று டொர்கஸுக்கு அன்று புரிந்தது.

அவர் அப்போது வரைந்துகொண்டிருந்த படம் நாயீன் ஊர் விதவையின் கதை. ஊர்வாசலில் பாடை வருகிறது. பாடையில் அவளுடைய ஒரே மகன். இயேசு அதைத் தொட்டு அவனை உயிரோடு எழுப்புவதற்கு ஒரு நொடி முன்னால் அந்தத் தாயின் முகம். ஐயா ஒரு விரதம் வைத்திருந்தார். கண்முன் இல்லாத எதையும் வரைவதில்லை. அதற்காகவே புனித நாட்டில் இரண்டு குளிர்காலம் தங்கிவிட்டு, நாயீன் ஊர் மண்ணையே மூட்டை மூட்டையாகக் கட்டிக் கப்பலில் கொண்டுவந்தார். அந்த மண் மாடியில் அவருடைய வரைகூடத்தின் தரை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. அங்கேயிருந்து வந்த தச்சன் ஒருவனைப் பிடித்துப் பாடை செய்தார். பாடைமேல், கைகால் மடங்கும் ஆளுயர மரப்பொம்மை ஒன்று வெள்ளைத்துணி போர்த்திக் கிடந்தது. ஹல்டா அதற்கு மரத்துரை என்று பெயர் வைத்திருந்தாள்.

"இந்த வீட்டுல ஒழுங்கா ஓய்வெடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான்டீ," என்பாள் டொர்கஸிடம். "அவனுக்கு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணுதான், திங்கக்கிழமையும் ஒண்ணுதான்."

எல்லாம் இருந்தது, அந்தத் தாயின் முகம் மட்டும் இல்லை. கூலிக்கு வந்து உட்கார்ந்த பெண்கள் அழுவதுபோல நடித்தார்கள். ஐயா அவர்களை அனுப்பிவிட்டார். பிறகு ஒருநாள் அடுக்களைக்கே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, டொர்கஸிடம் கேட்டார்.

அவள் முதலில் முடியாது என்றாள். என் துக்கம் ஊர் பார்க்கவா என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. இதுவும் ஒரு ஜெபம்தான் டொர்கஸ் என்று மட்டும் சொன்னார். உன் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தாயும் தனக்குத் துணை உண்டு என்று நினைப்பாள் என்றார். கான்ஸ்டன்ஸ் அம்மாவும் இரண்டு பிள்ளைகளைக் கல்லறையில் வைத்தவள். அவள் டொர்கஸின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகச் செய் என்றாள். டொர்கஸ் ஒத்துக்கொண்டாள்.

தினமும் காலை வெளிச்சத்தில் அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நீல முக்காடு போட்டுக்கொண்டு, அந்த அயல்நாட்டு மண்ணில் வெறுங்காலோடு மரத்துரையின் தலைமாட்டில் மண்டியிடுவாள். ஐயாவின் வேலை எறும்பு வேலை. ஈரமான வெள்ளைப் பூச்சின்மேல், அது காய்வதற்குள், ஒரு நாளைக்குக் கட்டைவிரல் நகம் அளவுதான் வரைவார். நெற்றிக்கு ஒரு வாரம் ஆனது. தூரிகையை எடுக்குமுன் இருவருமாக ஜெபிப்பார்கள். வரைந்துகொண்டே அவளைப் பேசச் சொல்வார். அவள் பேசினாள். சாராயக்கடை ஜன்னலைச் சொன்னாள். நீ செத்தாலும் சரி என்று தான் சொன்னதைச் சொன்னாள். இதுவரை ஹல்டாவிடம்கூடச் சொல்லாதது அது.

ஐயா தூரிகையை நிறுத்தவில்லை. "அப்படியே இரும்மா," என்றார் மெதுவாக. "அந்த வாய் ஓரம்... அப்படியே இரு."

அப்போது அவளுக்கு அது தப்பாகப் படவில்லை. யாரோ ஒருவர் தன் பாரத்தின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்ததுபோல இருந்தது.

படத்தை மட்டும் அவளுக்குக் காட்டமாட்டார். முடிந்ததும் பார்க்கலாம் என்பார். ஏப்ரல் தொடக்கத்தில் படங்களை அகாடமியின் வருடாந்தர ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறன்று லண்டன் ஓவியர்கள் எல்லோரும் வீட்டைத் திறந்துவைத்து நண்பர்களுக்குப் படம் காட்டுவார்கள். லாரிமர் ஐயா மட்டும் ஓய்வுநாளைக் கெடுக்காமல் சனிக்கிழமையே காட்டுவார். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் பாதிப்பேர் அவர் வீட்டுக்கு வருவார்கள்.

ஒவ்வொரு நாளும் உட்காரும்முன் டொர்கஸ், கப்பல்காரர்களிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பாள். ஒரு பொத்தானாவது, ஒரு தொப்பியாவது கிடைத்திருக்காதா என்ற நப்பாசை. இல்லை டொர்கஸ் என்று அவரும் ஒவ்வொரு நாளும் சொல்வார். கன்னமும் வாயும் முடிந்து கண்ணுக்கு வந்த சமயம், அவர் இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டார். கேட்டால், வா, ஜெபம் பண்ணலாம் என்பார். அல்லது, அவருடைய வழிகள் ஆச்சரியமானவை என்பார். தான் கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தேவசித்தத்துக்கு அடங்காமல் தினமும் கேட்பது விசுவாசக் குறைவோ என்று வெட்கப்பட்டு, கேட்பதையே நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமைக்கு நாலைந்து நாள் இருக்கையில் ஒரு காலை. இரவெல்லாம் தென்மேற்குக் காற்று புகைபோக்கியில் ஊளையிட்டது, விடியும்போது அடங்கிவிட்டது. ஐயாவின் முகம் தூங்காத முகம். எல்லோரும் முழங்காலிட்டார்கள். ராணிக்கு வேண்டினார். சபைக்கு வேண்டினார். குரல் கரகரத்தது. கடலில் இருப்பவர்களுக்காக என்று ஆரம்பித்தவர், இரவில் தனியே என்ன ஜெபித்தாரோ அதே தடத்தில் போய்விட்டார் போலிருக்கிறது.

"...இந்தக் காத்துல, ஆண்டவரே, ஆமோஸைக் காப்பாத்தும். அவன் போற கப்பலைத் தடுத்து நிறுத்தும்..."

சொல்லிவிட்டுச் சட்டென்று நின்றார். பிறகு ஒரே மூச்சில் ஆமென் என்றார்.

ஹல்டா ஆமென் சொல்லவில்லை. நாற்காலி முதுகுக்கு மேலே தலையைத் தூக்கி ஐயாவைப் பார்த்தாள். கான்ஸ்டன்ஸ் அம்மாவின் தோள்கள் மட்டும் இறுகின. அவள் முகத்தைக் கைகளிலிருந்து எடுக்கவே இல்லை. டொர்கஸ் அந்தத் தோள்களையே பார்த்தாள். வாய் தவறி வந்திருந்தால் ஐயாவுக்கு மட்டும்தானே தவறியிருக்கும். அம்மா ஏன் ஒடுங்கவேண்டும்?

அவள் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே பேசினாள்.

"ஐயா, செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா டொர்கஸ்."

"இப்ப பண்ணினீங்களே."

டொர்கஸுக்கு அந்த வீட்டின் சட்டம் தெரியும். சுற்றி வளைத்துக் கேட்டால் அவர் வேதவசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டார்.

"என் புள்ள உசுரோட இருக்கானா?"

அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"இருக்கான்," என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக அவரே சொன்னார். அதுவும் பொய்யில்லாமல். இரண்டு செவ்வாய்க்கிழமைக்கு முன்னால், டொர்கஸ் தாய்மார் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, ஒரு மாலுமி அக்கம்பக்கத்தில் விசாரித்து அவளைத் தேடி வந்தான். ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கரையோரக் கப்பலில் வந்தவன். ஆமோஸைப் போர்த்துகீசிய மீனவர்கள் கடலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கால் முறிந்து லிஸ்பனில் கிடந்துவிட்டு, இப்போது ஃபால்மத்தில் மாலுமிகள் விடுதியில் இருக்கிறான். அம்மாவுக்கும் மகனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் வாய்மொழியாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தான். முகத்தில் முழிக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வரலாம் என்று ஒரு வார்த்தை வந்தால் வருகிறேன். வராவிட்டால் மாதக் கடைசியில் சிட்னிக்குப் போகும் கப்பலில் ஏறிவிடுகிறேன். இவ்வளவுதான் செய்தி. ஐயா அந்த மாலுமிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

டொர்கஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இருக்கிறான் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வந்து நின்றது, ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. வாசலை வேறொன்று அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் இவர் என் எதிரில் உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாரே.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"கண்ணு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு, டொர்கஸ். சொல்லியிருந்தா உன் முகம் மாறிப் போயிருக்கும்." அவர் குரல் கெஞ்சியது. "மாசக் கடைசின்னுதானே அவன் சொன்னான், நேரம் இருக்குன்னு நெனச்சேன். சனிக்கிழமை எல்லாரும் வந்திருக்கும்போது உன்னைப் படத்துக்கு முன்னாடி நிக்கவச்சு சொல்லணும்னு இருந்தேன். நாயீன்ல கர்த்தர் அந்தப் புள்ளையைத் தாய் கையில குடுத்த மாதிரி..."

"நீங்க கர்த்தரா ஐயா?" என்று கேட்டாள் ஹல்டா. சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. உப்பு போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

ஐயாவின் முகம் வெளுத்தது. மீதியையும் சொன்னார். நேற்று மாலை செய்தித்தாளில் கப்பல் பத்தியைப் பார்த்தாராம். சிட்னிக் கப்பல் முன்னதாகவே சரக்கேற்றி முடித்துவிட்டது, தென்மேற்கு எதிர்க்காற்று வடக்கே திரும்புவதற்காக ஃபால்மத்தில் காத்து நிற்கிறது என்று போட்டிருந்ததாம். அதனால்தான் காற்று அப்படியே வீசட்டும் என்று இரவெல்லாம் ஜெபித்தாராம்.

"நேத்து சாயங்காலமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவும் சொல்லல."

"இன்னைக்கு ஒரு காலை வெளிச்சம் கிடைச்சா முடிஞ்சிடும்னு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

டொர்கஸ் கான்ஸ்டன்ஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இன்னும் நாற்காலியில் முகத்தைப் புதைத்திருந்தாள். "அவர் வேலை கர்த்தருக்காகன்னு உனக்குத் தெரியாதா டொர்கஸ்," என்று மட்டும் அந்தக் கைகளுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். எனக்காகச் செய் என்று கையைப் பிடித்தவள். ஐயா செய்ததைக்கூட ஒரு பைத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்தும் அம்மா சொல்லாமல் இருந்தாளே, இதை என்னவென்று வைப்பது?

இப்போதே தந்தி அடிக்கிறேன் என்று ஐயா தொப்பியைத் தேடினார். அடிங்க என்றாள். நானும் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். ரயிலுக்குப் பணம் எடுத்து மேஜைமேல் வைத்தார். தயங்காமல் எடுத்துக்கொண்டாள். ரோஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ரயில் பிறகு வராது.

நேற்று கழற்றிவிட்ட செருப்பு வரைகூடத்திலேயே கிடந்தது. மாடிக்குப் போனாள். அவர் இன்று வேலைக்காக விடியற்காலையிலேயே படத்தின் திரையை விலக்கி வைத்திருந்தார். முதல் தடவையாகப் பார்த்தாள்.

பொய் சொல்ல முடியாது, அது அவளேதான். கண்ணாடியில்கூட அவள் தன்னை அப்படிப் பார்த்ததில்லை. சாராயக்கடைக் கதையைச் சொன்ன அன்றைய வாய் ஓரம் அப்படியே இருந்தது. இடது கண்ணின் நீர் விழாமல் இமை விளிம்பில் நின்றது. வலது கண் மட்டும் வெறும் வெள்ளைப் பூச்சாக, குருடாக இருந்தது. அந்த இடது கண்ணைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. இந்தக் கண்ணை வரைந்த நாளெல்லாம் அவருக்குத் தெரியும். இந்தக் கண்ணீர் தேவையில்லாத கண்ணீர் என்று தெரிந்துகொண்டே, அது வற்றிப்போகாமல் பார்த்துக்கொண்டு, தினம் தன்னோடு சேர்ந்து முழங்காலிட்டு ஆறுதலுக்காக ஜெபித்திருக்கிறார்.

பின்னாலேயே ஐயா படியேறி வந்து நின்றார். அவளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்தார்.

"அழிச்சிடறேன், டொர்கஸ். இப்பவே, உன் கண்ணு முன்னாடியே."

"வேண்டாம்."

"இது பாவத்துல வரைஞ்சது. இருக்கக்கூடாது."

"அழிச்சா உங்களுக்கு மனசு லேசாயிடும், ஐயா," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "அது அப்படியே இருக்கட்டும். கண்முன்னாடி இருக்கிறதை மட்டும்தானே வரைவீங்க? இனி நான் உங்க கண்முன்னாடி இருக்கமாட்டேன். அந்த இன்னொரு கண்ணை எப்படி வரையறீங்கன்னு பாருங்க."

அவர் மண்ணில் முழங்காலிட்டார். மன்னித்துவிடு என்றார். ஏழெழுபது முறை மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்றார். உன் பயணத்துக்காகவும் அவனுக்காகவும் ஒரு ஜெபம், ஒரே ஒரு ஜெபம் சேர்ந்து பண்ணுவோம் என்றார். இதுநாள்வரை அந்தக் குரல் கூப்பிட்டால் அவள் கால் தானாக மடங்கும். இன்று மடங்கவில்லை.

"நீங்க யாருக்கு வேணா ஜெபம் பண்ணுங்க. என் புள்ள பேரை மட்டும் இனி உங்க வாயால சொல்லாதீங்க."

ஹல்டா கீழே ரொட்டியும் ஆறின கறியும் துணியில் கட்டி வைத்திருந்தாள். தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து அவள்மேல் போர்த்தினாள். நல்லபடியாகப் போய்விட்டு வா என்று சொல்லவந்தவள், வா என்று சொல்லத் தயங்கி, "நல்லபடியா போ," என்றாள்.

பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறியவள் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் ஜன்னலில் மரங்களையே பார்த்தாள். மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு மாலுமியின் தாய்க்குத் தெரியாதா? நடுப்பகல் முதலே காற்று வடக்கிலிருந்து வந்தது. ஜெபம் பண்ணலாமா என்று நினைத்தாள். கண்ணை மூடினால் ஐயாவின் குரல்தான் கேட்டது. திறந்துகொண்டாள்.

மாலுமிகள் விடுதியை நடத்துகிறவள் பருத்த, சுறுசுறுப்பான ஒரு விதவை. டொர்கஸைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துகொண்டாள், மகனுக்கும் அதே மூக்கு. தந்தியைக் கையிலேயே வைத்திருந்தாள். நேற்று காலை பத்து மணிக்கு மேல் வந்தது என்றாள். கப்பல் அதற்கு முன்னாலேயே, நேற்று விடிந்ததும் காற்று திரும்பின கையோடு போய்விட்டது.

"முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு இங்கதாம்மா உக்காந்திருந்தான்," என்றாள். "கடைசி நிமிஷம்வரைக்கும் கப்பல்ல பேர் குடுக்காம இழுத்தடிச்சான். லண்டன் கப்பல் எது வந்தாலும் நொண்டிக்கிட்டே போய், எனக்கு ஏதாவது சொல்லி விட்டாங்களான்னு கேட்டுட்டு வருவான். அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு. எங்கம்மா சொன்ன சொல்லு மாறமாட்டாங்கன்னான்."

டொர்கஸ் அங்கே இருந்த பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் சூடாகத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். அவன் உயிரோடு இருக்கிறான், சாப்பிட்டான், சிரித்தான், நொண்டுகிறான் என்று ஒவ்வொன்றாகத் தனக்குள் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அடைத்திருந்தது கொஞ்சம் விலகி, அந்தச் சந்தோஷம் ஒரு ஓரமாக உள்ளே வந்தது. வந்ததும் அதிகமாக வலித்தது.

அன்றைய ஏற்றத்தில் இன்னொரு கப்பலும் சிட்னிக்குக் கிளம்புகிறது என்று விடுதி அம்மாள் சொன்னாள். அதன் துணைக் கப்பல்தலைவர் நல்ல மனிதர், கடைசிப் படகுக்காகத் துறையில் நிற்கிறார். டொர்கஸ் ஓடினாள். அவர் செம்பட்டைத் தாடிக்காரர், கையில் இரண்டு கோழிக் கூடைகள் வைத்திருந்தார். மகன் பெயரைச் சொன்னதும், ஆமோஸா, நொண்டிக்கொண்டு பாடுவானே அவனா என்றார். சிட்னியில் எல்லாரும் ஒரே துறைக்குத்தான் வரவேண்டும், எப்படியும் பிடித்துவிடலாம் என்றார்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா. நீளமா சொன்னா எனக்கு பாதி வழியில மறந்துடும். மூணு மாசம் கடல் இருக்கு."

அவள் யோசித்தாள். எல்லாவற்றையும் சொல்லவேண்டும் போலிருந்தது. மண்ணை, மரப்பொம்மையை, கண்ணீரை, தான் ஏமாந்த விதத்தை. ஆனால் அதைச் சொன்னால் வார்த்தையெல்லாம் லாரிமர் ஐயாவுக்கே போய்விடும். பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

"உங்கம்மாவுக்கு நேத்துதான் தெரியும்னு சொல்லுங்க. தெரிஞ்ச நிமிஷமே கிளம்பி வந்தாள்னு சொல்லுங்க. வரச் சொன்னாள்னு சொல்லுங்க."

"நேத்துதான் தெரியும், உடனே வந்தா, வரச் சொன்னா," என்று அவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு புருவத்தைச் சுருக்கினார். "அவன் இங்க இத்தனை நாளா இருந்தானேம்மா. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"சொல்லி அனுப்பினான். வந்து சேரல."

"யாருகிட்ட சொல்லி அனுப்பினானாம்?"

"ஒரு பக்திமான்கிட்ட," என்றாள்.

அவர் படகில் கோழிக் கூடைகளை இறக்கி வைத்துத் தானும் இறங்கினார். துடுப்புக்காரர்கள் தள்ளினார்கள். டொர்கஸ் படித்துறையின் கடைசிப் படிக்கு இறங்கி, இன்னொரு தடவை சொல்லுங்க என்று கத்தினாள். அவர் சொன்னார். நடுவில் ஒன்றை விட்டுவிட்டார். உடனே கிளம்பி வந்தாள்ங்கிறதை விட்டுட்டீங்க என்று கத்தினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னார். படகு தூரமாகிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை என்றாள். தண்ணீர் செருப்புக்குள் ஏறியது. அவர் எழுந்து நின்று, கையை வாயருகே குவித்து, அவளுக்குக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.